முகக்களைக் குடி

“நான் கோயில் வண்ணக்கர் கதைக்கிறன்” என்று போனில் ஒரு குரல் சொன்னபோது, நம்ம தொழில்காரர் ஒருவர் கடல் தாண்டிப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டேன். வண்ணம் அடிக்கிறவர்தானே வண்ணக்கர்? “அம்மாளுக்கு முகக்களை ஒண்டு செய்யோணும். வைகாசிக் கதவு திறப்புக்கு முந்தி வந்து செய்து தருவீங்களா?” என்று கேட்டார். எங்கள் மாயவரம் பக்கத்தில் முகக்களை என்றால் முகத்தில் தெரியும் தெளிவு. கல்யாணப் பெண்ணுக்கு இருக்கும், பரீட்சை எழுதிவிட்டு வருகிற பிள்ளைக்கு இருக்காது. அம்மன் முகத்தில் வர்ணம் மங்கியிருக்கும், புதுப்பித்துக் களை வரவழைக்க வேண்டும், சின்ன வேலை என்று எடுத்துக்கொண்டேன். அவர் சொன்ன அந்த “ஒண்டு” என்ற சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும்.

கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கு வர்ணம் தீட்டுவது என் தொழில். உருவம் செய்வது அண்ணன். அவர் போன வருடம் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு கோபுர வேலைக்கு வந்தவர். என் எண்ணை இங்கே கொடுத்தது அவர்தான். “துக்கடா வேலை, நீயே போய்ட்டு வா” என்றார். தூரிகைகளைத் துணியில் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

அந்த ஊர், வாவி என்று அவர்கள் சொல்லும் உப்பங்கழிக்கு மேற்கே இருக்கிறது. சூரியன் படுகிற கரை என்பதால் படுவான்கரை, எதிர்க்கரை எழுவான்கரை. திசைக்கு இவ்வளவு அழகாகப் பெயர் வைத்த ஆட்களை எனக்குப் பார்க்கும் முன்பே பிடித்துப்போனது. எழுவான்கரைத் துறையில் பஸ் இறக்கிவிட்டதும், அக்கரைக்கு எப்படிப் போவது என்று ஒருவரிடம் கேட்டேன். “நில்லுங்க, பாதை வரும்” என்றார். பாதை எப்படி வரும்? நாம்தானே பாதைக்குப் போக வேண்டும்? கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேல் ஒரு தட்டையான இரும்பு மிதவை, ஓட்டோ ஒன்றையும் சைக்கிள்களையும் ஆட்களையும் சுமந்துகொண்டு தள்ளாடி வந்தது. அதற்குப் பெயர்தான் பாதை. நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

வண்ணக்கர் தம்பிமுத்து துறையிலேயே காத்திருந்தார். நெல் விவசாயி. கையில் வர்ணக் கறை எதுவும் இல்லை, சேறுதான் இருந்தது. வண்ணக்கர் என்றால் இங்கே கோயில் நிர்வாகத்துக்குப் பொறுப்பானவர் என்பது அவர் வீட்டுக்குப் போகிற வழியிலேயே தெரிந்துவிட்டது. சரி, ஒரு பிழைதானே என்று விட்டேன். அவர் மனைவி பூமணி அக்கா பிட்டும் எருமைத் தயிரும் கித்துள் பாணி என்ற இனிப்புப் பாகும் வைத்தார். கவிழ்த்தாலும் விழாத தயிர். நான் மூன்றாம் கவளத்தில் இருந்தபோது, “நீங்க என்ன குடி, புள்ள?” என்று கேட்டார்.

“சத்தியமா குடிக்க மாட்டேங்க்கா. எங்க அண்ணன்தான் எப்பவாச்சும்...”

வீடே சிரித்தது. குடி என்றால் இங்கே வம்சம். அது அம்மா வழியில் வரும். கோயிலில் விளக்கேற்றுவது ஒரு குடிக்கு, கொடித்துணி இன்னொரு குடிக்கு, தண்ணீர் எடுப்பது மற்றொரு குடிக்கு என்று ஒவ்வொரு கடமையும் ஒரு குடிக்குச் சொந்தம். “குடி இல்லாத ஆள் உண்டா?” என்று பூமணி அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு திரிகிற நான், ஒரு மகள் இருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் தயிர் வாங்கிக்கொண்டேன்.

சாப்பிட்ட கையோடு, “அம்மன் முகத்தைப் பார்க்கலாமா?” என்றேன்.

“முகம் எங்க இரிக்கு? அதச் செய்யத்தானே உங்களக் கூப்பிட்டது” என்றார் வண்ணக்கர்.

அப்போதுதான் விளங்கியது. கண்ணகி அம்மனுக்கு இங்கே கும்பம் வைத்து, அதில் மரத்தால் செய்த முகம் ஒன்றைப் பதிப்பார்கள். அந்த முகத்துக்குப் பெயர் முகக்களை. சண்டைக் காலத்தில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது பழையது தொலைந்துபோயிற்று. அன்றிலிருந்து கும்பத்தில் ஒரு காலண்டர் படத்தை வெட்டி ஒட்டித்தான் பூசை. போன மாரியில் கோயில் வேம்பு காற்றுக்கு விழுந்தது. “அம்மாளே மரத்தத் தந்திட்டா, மறுகா நாம சும்மா இருக்க ஏலுமா?” என்று அதில் ஒரு துண்டை வெட்டி வீட்டுக் கொட்டிலில் காயப்போட்டிருந்தார் வண்ணக்கர். கோயில் கதவு வருடத்தில் ஒரு தடவைதான் திறக்கும். அன்று செவ்வாய்க்கிழமை. வருகிற திங்கள் மாலை கதவு திறப்பு. அதற்குள் முகம் வந்தால் உள்ளே போகும். இல்லாவிட்டால் இன்னொரு வருடம் காலண்டர்தான். எல்லாக் குடிகளுக்கும் சொல்லியாகிவிட்டதாம்.

நான் உளி பிடித்ததே இல்லை.

அண்ணனுக்குப் போன் போட்டேன். வயிறு குலுங்கச் சிரித்தார். “உருவம் உனக்கு வராது. வர்ணக்காரி வர்ணத்தோட நில்லு. கை வலிக்குதுன்னு சொல்லிட்டு வந்து சேரு” என்றார். எனக்கு வந்த கோபத்தில் போனை அணைத்துவிட்டு, “ஐயா, இங்க நல்ல தச்சர் யாரு?” என்று கேட்டேன். அண்ணன் மட்டும் அன்று கொஞ்சம் இரக்கமாகப் பேசியிருந்தால் நான் மறுநாளே ஊர் திரும்பியிருப்பேன்.

எதிர்க்கரையில், தன்னாமுனை என்ற ஊரில், செல்டன் என்று ஒரு தச்சர் இருப்பதாகச் சொன்னார்கள். பறங்கியர், போர்த்துக்கீச வழி. தேவாலயத்து நாற்காலி, மாதா சுரூபத்தின் உடைந்த விரல், சவப்பெட்டி எல்லாம் அவர் கைவேலை. புதன்கிழமை காலை வேப்பங்கட்டையை ஓட்டோவில் ஏற்றினோம். கட்டைக்கு நடு இருக்கை. வண்ணக்கரும் நானும் ஆளுக்கொரு ஓரம். பாதையில் இடம் போதாமல் கட்டையை இறக்கி விளிம்போரம் வைத்தார்கள். எழுவான்கரைத் துறையில் மிதவை முட்டியதுதான் தாமதம், கட்டை உருண்டு வாவியில் விழுந்து, எங்களைப் பார்க்காமல் தெற்கே மிதக்கத் தொடங்கியது. நான் போட்ட கூச்சலில் இறால் வலைக்காரர் ஒருவர் தோணியைத் திருப்பி, சவள் துடுப்பால் அணைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்.

வண்ணக்கர் பதறவே இல்லை. “அம்மாள் குளிச்சிட்டா” என்றார். காய்ந்த மரம் நனைந்த வயிற்றெரிச்சல் எனக்குத்தான்.

செல்டன் அண்ணன் கட்டையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். மேலே மட்டும்தான் ஈரம், அது எப்படியும் செதுக்கலில் போய்விடும் என்றார். என் உயிர் திரும்பி வந்தது. “ஆனா இத இஞ்ச வைச்சுச் செய்யேலா. என்ட மனிசி றால் காய்ச்சிறா, மணக்குதுதானே? கண்ணகி அம்மாளுக்கு மச்சம் ஆகா. திருப்பிக் கொண்டு போங்க. நான் உளியோட நாளைக்கு வாறன்.”

“நீங்க வேதக்காரர். உங்களுக்கு என்ன அண்ணே?” என்றேன்.

“எனக்கு ஒண்டுமில்ல. அவவுக்கு இரிக்கே” என்றார். கட்டை வந்த வழியே வாவியைத் தாண்டித் திரும்பியது. இந்தத் தடவை நான் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

வியாழக்கிழமை வண்ணக்கர் வீட்டுக் கொட்டிலில் வேலை தொடங்கியது. ஏற்பாடு எளியது: குளத்துக் களிமண்ணில் முகத்தை நான் பிடித்துக் காட்ட வேண்டும், அதைப் பார்த்து செல்டன் அண்ணன் மரத்தில் எடுப்பார். நான் பிடித்த முதல் முகத்தில் அண்ணன் செய்கிற அம்மன்களின் அதே உருண்டைக் கன்னம். இத்தனை வருடம் அவர் முகங்களுக்கே வர்ணம் தீட்டித் தீட்டி, என் விரலுக்கு வேறு முகம் தெரியவில்லை. மண்ணை ஓங்கி அடித்துக் கலைத்தேன். செல்டன் அண்ணன் பழகிப் பார்க்க ஒரு துண்டில் செதுக்கிய மூக்கோ கூராக, நீளமாக வந்தது. “இது எங்கட மாதாட மூக்கு. கை அங்கதான் போகுது” என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்று பின்னேரம் கப்புகனார் வந்தார். கண்ணகி கோயில் பூசாரிக்குக் கப்புகனார் என்று பெயர். மூச்சுக் காற்று அம்மன் மேல் படக்கூடாது என்று வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறவர். முப்பது வயது இருக்கலாம், சாதுவான முகம். அவர் சொன்னதுதான் என்னைக் கலக்கியது.

“கதவு திறக்கேக்க அம்மாள் கோவத்தில இரிப்பா. நாள் போகப் போக ஆறுவா. கடைசி நாள் குளுத்திப் பாடி, தண்ணி தெளிச்சாப் பிறகு குளிர்ந்துடுவா. ஒரு முகந்தான் இரிக்கு. ரெண்டுக்கும் அது பொருந்தோணும், அக்கா.”

எரிகிற முகமும் அதே, குளிர்கிற முகமும் அதே. அண்ணனாக இருந்தால் கோரைப்பல் வைத்து முடித்திருப்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். கோபுரத்துப் பொம்மையை நேராகப் பார்த்தால் முறைப்பது போலிருக்கும். தரையில் நின்று பார்த்தால் அருள் புரியும். பார்க்கிற இடத்தையும் வெளிச்சத்தையும் நினைத்துத்தான் அந்த முகமே அமைகிறது. கதவு திறக்கும் அன்று விளக்கு எங்கே இருக்கும் என்று கேட்டேன். கீழே, பீடத்தில், ஒன்றே ஒன்று. குளுத்தி அன்று? பகல், கதவு முழுக்கத் திறந்திருக்கும். எழுந்து போய் மண்ணைப் புதிதாகப் பிசைந்தேன். புருவத்தை முன்னுக்குத் தள்ளி, உதட்டின் ஓரங்களை ஆழமாக்கிப் பிடித்தேன். மண்ணெண்ணெய் விளக்கைக் கீழே வைத்தால் நிழல் மேலேறி முகம் சினந்தது. கொட்டில் கதவைத் திறந்து பகல் வெளிச்சம் விட்டால் அதே உதடு சிரிக்கவா வேண்டாமா என்று யோசித்தது. செல்டன் அண்ணன் விளக்கைக் கீழே வைத்தும் எடுத்தும் பல தடவை பார்த்துவிட்டு, “மூக்கு?” என்றார். “மாதா மூக்கே இருக்கட்டும் அண்ணே. நல்ல மூக்கு” என்றேன்.

வெள்ளிக்கிழமை அவர் உளி ஓட ஆரம்பித்தது. முகத்தின் உள்பக்கத்தையும் அவர் வழவழப்பாக எடுப்பதைப் பார்த்தேன். அது கும்பத்தோடு ஒட்டி நிற்கும், யார் கண்ணிலும் படாது. அதைச் சொன்னேன்.

“நான் சவப்பெட்டிக்கு உள்ளுக்கும் இழைச்சுத்தான் குடுப்பன், தங்கச்சி. உள்ளுக்குப் படுக்கிறவர் எழும்பி வந்து ஆருக்கும் சொல்லப் போறாரா? ஆனாலும் இழைப்பன். அது ஊழியம்.”

எனக்குச் சட்டென்று அவரை மிகவும் பிடித்துவிட்டது. கோபுரத்து உச்சிப் பொம்மைகளின் முதுகுக்கு வர்ணம் வேண்டாம் என்று சொல்லாத ஒப்பந்தக்காரர் இல்லை. “யார் பார்க்கப் போறா?” என்பார்கள். “காக்கா பார்க்கும்” என்று சண்டை போட்டு, முதுகுக்கும் பூசிவிட்டுத்தான் சாரத்திலிருந்து இறங்குவேன். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதில்லை. பிடிவாதம் என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.

வேப்பந்தூள் எனக்கு ஆகவில்லை. தும்மித் தும்மிக் கண் சிவந்துவிட்டது. முந்தானையைக் கிழித்து மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்தேன். மத்தியானம் சோறு கொண்டுவந்த பூமணி அக்கா கொட்டில் வாசலிலேயே நின்றார். என் முகத்தைப் பார்த்தார். சோற்றை மெதுவாகக் கீழே வைத்து, கும்பிட்டுவிட்டுப் பின்னோக்கியே நடந்து போனார். வெளியே அவர் குரல் தாழ்ந்து கேட்டது: “அந்தப் புள்ள வாய் கட்டிச் செய்யுதுகா. ஒருத்தரும் அங்கால போய்க் கதை குடுக்காதீங்க.”

விளக்கம் சொல்லலாம் என்று துணியை இறக்கப் போனேன். செல்டன் அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினார். தன் கைக்குட்டையை எடுத்து அவரும் கட்டிக்கொண்டார்.

அதன் பிறகு எங்களிடம் யாரும் பேசவில்லை. தெருவில் மோட்டார் சைக்கிள்காரர்கள்கூட எஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. நான் பேசிக்கொண்டே வேலை செய்கிறவள். சாரத்தில் நின்று கீழே போகிற ஆளோடு விலைவாசி பேசுவேன். வாயை அடைத்ததும் ஒரு நாள் முழுக்க மனதுக்குள் அண்ணனோடு சண்டை போட்டேன், எல்லாவற்றிலும் நானே ஜெயித்தேன். சனிக்கிழமை பிற்பகல் அந்தச் சண்டையும் ஓய்ந்தது. உப்புத்தாள் மரத்தில் உரசும் சத்தமும், தூரத்து வட்டை வயலில் நீர் இறைக்கும் எஞ்சின் சத்தமும்தான் இருந்தன. அப்போது என் கை ஒரு கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தது. யாருடைய சாயலும் இல்லாத கன்னம். எனக்கு அழுகை வந்தது. துணி நனைந்தது.

ஞாயிற்றுக்கிழமை தூசி இல்லை. சுண்ணப் பூச்சு, பிறகு மஞ்சள் கலந்த செம்மை. திங்கள் விடியற்காலை குளித்துவிட்டு வந்து, தூரிகையால் அம்மனுக்குக் கண் திறந்தேன். வலது கண், பிறகு இடது கண்.

மாலையில் கப்புகனார் வந்து வெள்ளைத் துணியில் முகக்களையை ஏந்திப் போனார். படுவான்கரை முழுவதும் கோயிலில் நின்றது. பறை முழங்கக் கதவு திறந்தது. நானும் செல்டன் அண்ணனும் எங்கோ பின்னால் இருந்தோம். எம்பிப் பார்த்தேன், குதித்தும் பார்த்தேன். தலைகள்தான் தெரிந்தன. இவ்வளவு பாடுபட்டுவிட்டு என்னால் பார்க்க முடியவில்லை. என் முன்னால் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெண் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “என்னையத்தான் பாக்கிறா. கோவமா இரிக்கா” என்று தேம்பினாள். அவள் தோளை நான் பிடித்துக்கொண்டேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை.

குளுத்தி வரைக்கும் இருந்துவிட்டேன். கடைசி நாள் பகலில் தண்ணீர்க் குடங்கள் வரிசையாக வந்தன. குளுத்திப் பாட்டு முடிந்து தண்ணீர் தெளித்தார்கள். கூட்டம் ஆறியிருந்தது. பூமணி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மனது உறுத்தியதால் சொல்லிவிட்டேன். “அக்கா, நான் வாய் கட்டினது தூசிக்கு. தும்மல் தாங்கல. நீங்கதான் வேற மாதிரி நெனச்சுட்டீங்க.”

அவர் முகம் மாறவில்லை. “கட்டினது தூசிக்கு. சரி. ஞாயிற்றுக்கிழமை தூசி எங்க இரிந்திச்சு? ஏன் அவிழ்க்கல்ல?”

அதுவரை நான் அதை யோசித்திருக்கவே இல்லை.

பூசை முடிந்து வண்ணக்கர் வெற்றிலைத் தட்டோடு எழுந்து, குடி குடியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொரு குடியிலிருந்தும் ஒருவர் போய் வாங்கினார். எல்லாம் முடிந்தது என்று நான் பையைத் தேடும்போது இன்னொரு பெயர் கேட்டது: “முகக்களைக் குடி.” யாரும் எழவில்லை. யாராவது ஊரில் இல்லையோ என்று நானும் சுற்றிப் பார்த்தேன். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். செல்டன் அண்ணன் முழங்கையால் இடித்தார்.

“உன்னத்தான்.”

“நீங்களும்தானே அண்ணே” என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். போகும்போது, “பாதர் கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்று காதில் கேட்டேன். “ஊழியம் எண்டு சொல்லுவன்” என்றார். எதிரே முகக்களை. பகல் வெளிச்சத்தில் அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். கண் என்னுடையது, மூக்கு அவருடையது. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

“ஒவ்வொரு வைகாசியும் கதவு திறக்க முந்தி வந்து, முகக்களையத் துடைச்சுக் கண் தொட்டுக் குடுக்கிறது இனி இந்தக் குடிட கடமை” என்றார் வண்ணக்கர். “உங்களுக்கு ஏலாமப் போனா மகள அனுப்புங்க. குடி தாய் வழிதானே.” மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. வயலுக்குத் தண்ணீர் முறை சொல்கிற முகம்.

முகக்களையைப் பெட்டியில் வைத்தார்கள். கோயில் கதவு மூடியது. இனி ஒரு வருடம் அதை யாரும் பார்க்க மாட்டார்கள், காக்காகூட. எனக்கு அதில் வருத்தமே இல்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

எழுவான்கரைக்குத் திரும்பும்போது பாதையில் நின்றுகொண்டு மகளுக்குப் போன் செய்தேன். கயல் சென்னையில் படிக்கிறாள். தூரிகையைத் தொட மாட்டேன் என்று சபதம் செய்தவள்.

“கயலு, நமக்கு ஒரு குடி கிடைச்சிருக்குடி.”

“அம்மா, நீ குடிச்சிருக்கியா?”

“இல்லடி. வேலை கிடைச்சிருக்கு. எனக்கு, எனக்கப்புறம் உனக்கு.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எதற்கெடுத்தாலும் வாயாடுகிறவள். வாயைக் கட்டிக்கொண்டாளோ என்னமோ.